முள் ஏறவில்லை, அது உனக்குத் தெரியும்

சௌக்கியமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருக்கிறாய். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனாய் என்று தையல்காரரே என்னிடம் சொன்னார். எனக்குத்தான் சௌக்கியமில்லை. வயிறு எரிகிறது. நேரில் பேசலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறாய். இப்போது மெஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டாய். சரி, போ. கடிதத்தை விட்டு எங்கே எழுந்து போவாய்? கிழித்துப் போட்டால் இன்னொன்று எழுதுவேன். அதையும் கிழித்தால் உன் ஆபீஸ் வாசலில் நின்று சத்தமாக வாசிப்பேன். உன் அம்மா அதைச் செய்யக்கூடியவள் என்று உனக்குத் தெரியும்.

காளியப்பன் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டார். நீ விசாரிக்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். நான் நர்ஸாக இருக்கிற நம் சுண்ணாம்பு மில்லின் டிஸ்பென்சரியில், என் மேசைக்கு எதிர்க் கட்டிலில் கிடக்கிறார். மில்லில் பிடித்த தீயில் முகம் வெந்திருக்கிறது. வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருக்கிறது. இரண்டு கண்ணிலும் கட்டு. பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார், பார்வையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நிலக்கரி அரைக்கிற எந்திரத்தின் டயலுக்கு முன்னால் உட்கார்ந்து, முள் ஏறினால் குளிர்ந்த காற்றைத் திறப்பதும் இறங்கினால் மூடுவதுமாக வேலை பார்த்த மனிதர். அவரைப் பற்றி, மில்லின் சின்ன இன்ஜினியராக நீ எழுதிய ரிப்போர்ட்டின் நகல் என் மேசைக்கும் வந்தது. காயம்பட்ட கேஸ் என்றால் டிஸ்பென்சரிக்கு ஒரு நகல் வரும் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. "ஆபரேட்டர் டயலைக் கவனிக்கத் தவறியதால்" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துப் பழக்கிய கையெழுத்து. அவர் இன்றைக்கு இல்லை. இல்லாமல் போனதே நல்லது என்று நேற்று முதல் தடவையாக நினைத்தேன். என்னை அப்படி நினைக்க வைத்துவிட்டாயே, பாவி.

இந்த வட்டாரத்தில் பிறந்த உனக்குக் "கவனிக்கத் தவறியதால்" என்ற வார்த்தையின் கனம் தெரியாதா? நீ சின்னப் பையனாக இருந்தபோது நான் சிவகாசியில் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பட்டாசுக் கம்பெனியில் தீ என்றால் லோடு ஏற்றுகிற வண்டியிலேயே ஆட்களைப் போட்டுக்கொண்டு வருவார்கள். வண்டிக்குப் பின்னாலேயே கம்பெனி ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து சேர்வார். "கவனக்குறைவும்மா. எம்புட்டுச் சொன்னாலும் இவுக கேக்க மாட்டேங்காக" என்பார். காயத்தைத் துடைப்பதற்குள் காரணம் வந்துவிடும். வெந்தவர்கள் வாயைத் திறந்து பேச முடியாத நிலையில் இருக்கும்போதே அவர்கள் சார்பாக இவர் பேசி முடித்துவிடுவார். ஒரு நாள் பள்ளிக்கூடம் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த நீ அதைக் கேட்டுக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வருகிற வழியில் என்னிடம் கேட்டாய்: "யம்மா, எல்லாத் தடவயும் வேல செய்யுறவுகதான் கவனக்குறைவா? ஒரு தடவகூட மொதலாளி கவனக்குறைவா இருக்க மாட்டாகளா?" அதைச் சொல்லிச் சொல்லி உன் அப்பா பூரித்துப்போனார். இவன் படித்து வந்தால் நாலு பேருக்காகப் பேசுவான் என்றார். படித்து வந்தாய். சைக்கிளில் வந்த அந்த ஆள் வாயால் சொன்னதை நீ இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாய். வேறென்ன வித்தியாசம்?

எனக்கு எந்திரம் தெரியாது, நான் பேசக்கூடாது என்று சொல்வாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேசைமேல் விரலால் குழாய் வரைந்து காட்டுவாய். "நம்ம ஊருக்கு வர்ற கரியில பாதி கல்லும்மா. அரைச்சாலும் மணல் மாதிரி நறநறன்னு இருக்கும். அது சூடான காத்தோட சேந்து குழாய்க்குள்ள பறக்குது. இரும்பச் சாணை பிடிச்ச மாதிரி தேச்சுப்புடும்" என்றாய். சூடு எவ்வளவு என்று அறிய அந்தக் குழாய்க்குள் நீட்டியிருக்கும் தெர்மோகப்பிள் ஒன்றைக் கழற்றி எடுத்துவந்து காட்டினாய். கைவிரல் கனமிருந்த குச்சி ஒரு பக்கம் மட்டும் சீவிய பென்சிலாகத் தேய்ந்திருந்தது. மெல்லிய உறை போட்டால் சூட்டைச் சட்டென்று சொல்லிவிடும், ஆனால் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். கனத்த உறை போட்டால் உழைக்கும், ஆனால் சூடு ஏறி நேரமான பிறகுதான் முள் நகரும். குச்சிக்கு முன்னால் ஓர் ஆங்கிள் இரும்புத் துண்டைத் தடுப்பாகப் பற்றவைத்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் அடிக்கடி கழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றின் ஓட்டத்தை அளக்கிற குழாயின் துளைகளையும் தூள் அடைத்துவிடும், அடைத்துவிட்டால் அதோடு இணைத்த கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும், காற்று நன்றாக ஓடுவதாகப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். எல்லாம் நீ சொன்னதுதான். நான் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டே கேட்டேன்.

அப்புறம் ஒரு நாள் சிரித்துக்கொண்டு வந்தாய். "யம்மா, இனிமே தேயாது. எடத்த மாத்திட்டேன்" என்றாய். குழாய் வளைந்து திரும்புகிற இடத்தில், உள்வளைவின் ஓரத்தில், தூளும் காற்றும் நேராக வந்து மோதாத மூலையாகப் பார்த்துத் துளை போட்டுக் குச்சியை அங்கே மாற்றிவிட்டாய். காற்றை அளக்கிற குழாயையும் பக்கத்திலேயே வைத்துவிட்டாய். மாதக்கணக்கில் ஒரு குச்சிகூட மாற்றவில்லை என்று மேனேஜர் உன் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் பணியாரம் சுட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். என் மகன் தேயாத குச்சி கண்டுபிடித்துவிட்டான் என்று பீற்றிக்கொண்டேன். ஏலே, தூள் மோதாத இடத்தில் சூடு மட்டும் எப்படி மோதும்? தேயவில்லையென்றால் காற்று அதைத் தொடவில்லை என்றுதானே அர்த்தம்? மூலையில் தூள் படிந்து படிந்து அந்தக் குச்சி கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. குழாய்க்குள் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. அதைத்தான் நீங்கள் டயலில் கட்டி ஒரு மனிதரை அதன்முன் உட்காரவைத்தீர்கள்.

தெர்மாமீட்டரை ஏமாற்றுவது உனக்குப் புதிதில்லை. விருதுநகர் பொங்கல் பொருட்காட்சிக்குப் போக வேண்டும் என்று நீ அடம்பிடித்த வருஷம் நினைவிருக்கிறதா? உடம்பு கொதித்தது. காய்ச்சல் இருந்தால் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு நான் தெர்மாமீட்டர் எடுக்க உள்ளே போனேன். அதற்குள் பானைத் தண்ணீரை வாயில் வைத்து வைத்துத் துப்பியிருக்கிறாய். நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், காய்ச்சலே இல்லை. உடம்பைத் தொட்டால் சுடுகிறது, கண்ணாடி மட்டும் நார்மல் என்கிறது. நர்ஸ் நான், கையை விட்டுவிட்டுக் கண்ணாடியை நம்பினேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் நீ சுருண்டு விழுந்தாய். உன் அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். எத்தனையோ தடவை அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குக் காய்ச்சல் உன் உடம்பில், விழுந்தவனும் நீ. அதனால் சிரிக்க முடிந்தது. இன்றைக்கு ஏமாற்றியது நீ, விழுந்தவர் வேறொருவர்.

அன்றைக்கு நடந்ததைக் காளியப்பன் என்னிடம் சொன்னார். நீ கேட்கவில்லை, உன் மேனேஜரும் கேட்கவில்லை. மழை நின்று ஈரக் கரி தீர்ந்துபோய், வெயிலில் காய்ந்த கரி வர ஆரம்பித்த நாள். ஈரத்துக்கு வேண்டிய சூடு காய்ந்த கரிக்கு வேண்டாம், டயலைப் பார்த்துச் சூட்டைக் குறைக்க வேண்டும். அவர் முள் ஏறும் ஏறும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். "முள்ளு அங்கனயே நின்னுச்சு நர்சம்மா. கண்ண எடுக்கல நான். எம் பிள்ளைக மேல சத்தியமா எடுக்கல. செவப்புத் தண்ணியும் அசையல. ஆனாக் கருகுன வாட வந்துச்சு. டயல நம்புறதா மூக்க நம்புறதான்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன். அந்த ஒரு நிமிசந்தாம்மா" என்றார். அப்புறம் ஓடியிருக்கிறார். வெளியே ஓடவில்லை, குழாயை நோக்கி ஓடியிருக்கிறார். குளிர்காற்றுக் கதவைக் கையாலேயே திறந்துவிடலாம் என்று மேலே ஏறியிருக்கிறார். அவர் கை வைக்கும்போது பக்கத்திலிருந்த மூடி பிய்த்துக்கொண்டு தீ வெளியே வந்துவிட்டது. தப்பித்து ஓடியிருந்தால் ஒரு கீறல்கூட இருந்திருக்காது. மில்லைக் காப்பாற்றப் போன ஆளுக்கு நீ கொடுத்திருக்கிற பட்டம், கவனிக்கத் தவறியவர்!

இடத்தை மாற்றியது தப்பு. ஆனால் அது தெரியாமல் செய்த தப்பு. வேலை செய்கிறவன் தப்புச் செய்வான், நானும் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் பதறி ஓடியிருக்கிறேன். அதற்காக நான் இவ்வளவு கத்த மாட்டேன். தீப்பிடித்த மறுநாள் மத்தியானம் நீ செய்தது தெரிந்து செய்தது. சட்டை முழுக்கப் பொத்தல் பொத்தலாக வந்தாய். பற்றவைக்கிற பொறி தெறித்த ஓட்டைகள். வெல்டருக்கு என்ன வந்தது, நீ ஏன் வெல்டிங் செய்தாய் என்று கேட்டேன். "பழைய எடத்துலயே வச்சாச்சும்மா. புது ஓட்டைய அடைச்சாச்சு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள சரி பண்ணணும்ல" என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! எந்தக் குச்சி எங்கே இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் வருவார், குச்சி நடுக்காற்றில் சரியான இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பார், அப்படியானால் டயல் சரியாகத்தான் காட்டியிருக்கும் என்பார், பார்க்க வேண்டியவர்தான் பார்க்கவில்லை என்று முடிப்பார். காளியப்பன் வேலையும் போய், பேரும் கெட்டு வீட்டுக்குப் போவார். தூங்குமூஞ்சி என்று தீப்பெட்டிக் கம்பெனியில்கூட வாசலில் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சட்டையை நான்தான் துவைத்தேன்.

மேனேஜர் செய்யச் சொன்னார் என்பாய். சொல்லியிருப்பார். குச்சி வெளிநாட்டுச் சரக்கு, இறக்குமதி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து வாங்க வேண்டும், இவன் வாரத்துக்கு ஒன்றைத் தின்கிறான் என்று உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தவர்தானே அவர். திட்டினால் திட்டட்டும் என்று இருந்திருக்க வேண்டியதுதானே? மெல்லிய குச்சியைப் போட்டுத் தேயத் தேய மாற்றியிருந்தால் மேனேஜர் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். கனத்த உறையைப் போட்டுவிட்டு, இது தாமதமாகச் சொல்லும், முன்கூட்டியே சூட்டைக் குறையுங்கள் என்று காளியப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதற்கேற்ப உட்கார்ந்திருப்பார். தடுப்பு வைத்து, வாரம் ஒரு தடவை நீயே ஏறிக் கழற்றிப் பார்த்திருந்தால் கையில் கரி ஒட்டியிருக்கும். மூன்று வழி இருந்தது. மூன்றிலும் உனக்குக் கொஞ்சம் கஷ்டம் இருந்தது. கஷ்டமில்லாத நாலாவது வழியைத் தேடினாய், அதில் உண்மையைத் தவிர எல்லாம் சௌகரியமாக இருந்தது. புதுக் குடித்தனம் நடத்தப் போகிறவன் நீ, அதனால் சொல்கிறேன். வீட்டிலும் இதே ஆசை வரும். சண்டை வராத மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வாய். பக்கத்தில் இருப்பவள் வெந்துகொண்டிருப்பாள். உன்னை உரசுகிற இடத்தில் போய் உட்கார். தேய்ந்தால் தேய்ந்துவிட்டுப் போ.

போன ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையைப் பாதிரி ஐயர் இரண்டாவது தடவை வாசித்தார். இவர்கள் இருவரையும் சேர்த்துவைக்க யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று நிறுத்திப் பார்த்தார். வழக்கமாக அந்த நேரத்தில் யாராவது இருமுவார்கள், குழந்தை அழும். நான் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி அது தடையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுந்து நின்று கத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நீ முன்வரிசையில் தலைவாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தாய். காளியப்பன் பெண்டாட்டி அந்த நேரத்தில் டிஸ்பென்சரியில் புருஷனுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

என் வேலையைப் பற்றியும் உன் மேனேஜர் பேசினார். "நர்சம்மா, ஒங்களுக்கு ரிட்டயர்மெண்ட் வருது, பையனுக்குக் கல்யாணம் வருது, பாத்து இருந்துக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நான் பாத்துத்தான் இருக்கேன் சார். கட்டுப் பிரிச்சுப் பாக்குறது தெனமும் நான்தான்." அவருக்கு முகம் சுருங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னால் மல்லாங்கிணற்றில் என் தங்கை வீடு இருக்கிறது. எனக்காகப் பயப்படுவதாக மட்டும் சாக்குச் சொல்லாதே.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று சொல்கிறேன், கேள். நேற்றுக் கட்டு மாற்றும்போது காளியப்பன் முனகவில்லை. பேசிக்கொண்டே இருந்தார், வலியை மறக்கப் பேசுவார். "வியாழக்கெழம இன்ஸ்பெக்டர் வர்றாராம்லம்மா" என்றார். ஆமாம் என்றேன். "எனக்குப் பயமில்லம்மா. சின்ன இன்ஜினியர் ஐயா இருக்காகல்ல. அந்த டயலு, குச்சி எல்லாம் அவுக கைவேல. முள்ளு ஏறலன்னு நான் சொன்னா நம்ப மாட்டாக. அவுக சொன்னா நம்புவாக. ஒங்க பிள்ள தங்கமான பிள்ளம்மா, பொய் சொல்லாது" என்றார். என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்துவிட்டது. உன் ரிப்போர்ட் என் மேசை டிராயரில் இருக்கிறது, அவருக்கு நாலு முழத்தில். அவருக்குக் கண் கட்டியிருந்தது, என் முகம் தெரியவில்லை. "என்னம்மா பேச மாட்டேங்கீக?" என்று கேட்டார். மருந்து எரிச்சல் என்று ஏதோ உளறினேன். நோயாளி முன்னால் நான் பொய் சொன்னது உன்னால்தான்.

விசாரணை பெரிய ஆபீஸில் நடக்கிறது. டிஸ்பென்சரியிலிருந்து மைதானத்தைக் கடந்து, படியேறிப் போக வேண்டும். அவரால் நடக்க முடியும், பார்க்க முடியாது. யாராவது முன்னால் நடந்தால் நல்ல கையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். என் பெண்டாட்டி வேண்டாம், அவள் அழுதுவிடுவாள் என்கிறார். "சின்ன ஐயாவ வரச் சொல்லுங்கம்மா. அவுக கூட வந்தாப் போதும், எனக்குத் தைரியமா இருக்கும்" என்று கேட்டார். சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

வியாழக்கிழமை காலையில் வா. அந்தக் கல்யாணச் சட்டையை மாட்டிக்கொண்டு வராதே, துவைத்து வைத்திருக்கிற பொத்தல் சட்டையைப் போட்டுக்கொள். உள்ளே போனதும் குச்சி எங்கே இருந்தது, எப்போது இடம் மாறியது, யார் மாற்றினார்கள் என்று நீயே வாயைத் திறந்து சொல். வேலை போனால் போகட்டும். பெண் வீட்டார் பின்வாங்கினால் வாங்கட்டும். நான் உன்னோடு இருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். நீ வரவில்லையென்றால் நான்தான் அவர் முன்னால் நடப்பேன், நான்தான் இன்ஸ்பெக்டரிடம் பேசுவேன். என் மகன் என்று பார்க்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடக்கும். கட்டிலை விட்டு இறங்கியதும் அவர் கையை நீட்டித் தடவித் தோளைத் தேடுவார். ஒரு தோள் கிடைத்ததும் "சின்ன ஐயாவா?" என்று கேட்பார். நீ அங்கே இல்லையென்றால், நீ ஏன் வரவில்லை என்பதை அந்தக் கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.